ஆகாசத்தின் சர்க்கரை

மார்ச் 9

தரைமட்டத்தில் வாழும் சகலைக்கு,

வானத்தை முதுகுக்குச் சாய்மானமாக வைத்து உட்கார்ந்திருக்கும் உம் மூத்த சகலை எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்கப் போவதில்லை. நீர் நலமாகத்தான் இருக்கிறீர். எனக்கு வந்திருக்கும் நோயே அதுதான்.

நேற்று மதியம் உம் வீட்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நாளைக்கே உலகத்து நீதிபதிகள் எல்லாம் கூடி விசாரித்தால் உதவும். அரைநாள் வேலை முடித்து, கிரேனிலிருந்து இறங்கிய கையோடு, சட்டையில் உப்புப் பூத்து, நேராக உம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அக்காவும் தங்கையுமாகிய நம் மனைவிமார் ஒரே பானைச் சோறு, ஒரே சட்டிப் பருப்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை என்று தராசில் நிறுத்ததுபோலப் பரிமாறினார்கள். நமக்குச் சர்க்கரை வந்ததும் ஒரே வருடம். விழுங்கும் மாத்திரையும் ஒன்றே. சகோதரிகள் ஒரே கடையில் வாங்கிய சுகர் மெஷின்கள்கூட இரட்டைப் பிள்ளைகள். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினோம். உமக்கு 156. எனக்கு 238.

எண்ணைப் பார்த்ததும் உம் மனைவி, "பாவம் மாமா" என்றாள். அந்தப் பாவத்தை என் கொக்கியில் மாட்டினால் கிரேனே குப்புற விழுந்துவிடும், அத்தனை கனம். என் மனைவி இன்னும் ஒருபடி மேலே போய், "வழியில எந்தக் கடையில நின்னீங்க?" என்று கேட்டாள். தின்னாத பலகாரத்துக்கு நான் குற்றவாளி. நீர் என்ன செய்தீர்? மெஷினைத் துடைத்து உறையில் போட்டீர். அந்தத் துடைப்பில் இருந்த திமிரை நான் கவனிக்காமலில்லை.

உமக்கு இது வெறும் எண். எனக்கு நாற்காலி. ஜூன் மாதம் கம்பெனி டாக்டர் கிரேன் ஓட்டுகிற எங்களைச் சோதிப்பார். சாப்பிட்ட பிறகு சர்க்கரை இருநூறுக்கு மேல் நின்றால் என்னை மேலே அனுப்ப மாட்டார்கள். தலையில் ஒரு தொப்பியும் கையில் ஒரு வாக்கிடாக்கியும் கொடுத்துக் கீழே நிறுத்துவார்கள். என் கேபினில் வேறு எவனோ உட்கார்ந்திருப்பான். நான் கழுத்துச் சுளுக்க அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் இடது" என்று அவனிடம் கெஞ்சிக்கொண்டிருப்பேன். மேகங்களை விலக்கிவிட்டு, வழி கேட்கிற பறவைகளுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தவனின் கதி அதுவாகும்.

நீர் எதையோ மறைக்கிறீர். அது வெளிவரும்வரை உம் குரல் என் காதில் விழக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். கடிதம் போதும். நம் மனைவிமாரின் கைப்பைகளே தபால் நிலையம். இருவரும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இன்னொன்று. இனி புதன்கிழமைதோறும் போட்டி. ஒரே அடுப்பில் சமைத்த சாப்பாடு இரண்டு டப்பாக்களில் வரும். நீர் உம் வேலை இடத்தில் உண்ணும். நான் என் ஆகாயத்தில் உண்பேன். இரண்டு மணி நேரம் கழித்து விரல் குத்து. உண்மை எந்த விரலில் ஒளிந்திருந்தாலும் வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

இப்படிக்கு,
ஆகாசம்
(குடும்பம் சூட்டிய பட்டம். நான் மறுத்ததில்லை.)


மார்ச் 13

சகலைக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டைப்பையில் வைத்திருந்ததில் ஒரு மூலை நனைந்துவிட்டது. நேற்று ஒரு வீட்டில் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக் குழாய் வேலை செய்தேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் பார்த்ததைத்தான் சாப்பிட்டேன். மெஷினைத் துடைத்தது அதில் ரத்தம் பட்டிருந்ததால்.

புதன்கிழமைப் போட்டிக்குச் சம்மதம். நம் மனைவிமார் இருவருக்கும் பெரிய சந்தோஷம். ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்கிவிட்டார்கள். பருப்பை எடைபோட்டு வைக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து எதையும் செய்து அவர்கள் பார்த்ததில்லையாம்.

போன் எடுக்க மாட்டீர்கள் என்பது உண்மைதான். இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன்.

ஒரு விஷயம். கீழே நிற்பதை ஏதோ தண்டனை போல எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லாரும் கீழேதான் நிற்கிறோம். நான் பெரும்பாலும் படுத்தே இருக்கிறேன்.

குழாய்


ஏப்ரல் 3

பிடிபட்ட சகலைக்கு,

வாழ்த்துகள். மூன்று புதன்கிழமைகளாக என்னை மண்ணைக் கவ்வவைத்தீர். உமக்கு நூற்றைம்பது, நூற்றறுபது. எனக்கு இருநூற்று முப்பது, நாற்பது. ஒவ்வொரு புதன் மாலையும் என் மனைவி தன் தங்கையிடம் எண்களைக் கேட்டுவிட்டு, போனை வைத்து, பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகள் தாமாகத் திறந்து மூடிக்கொள்கின்றன.

ஆனால் நேற்று உம் குட்டு உடைந்தது. உம் மனைவி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாளாம்: நீர் கருவிப்பெட்டியில் குழந்தையளவு பெரிய பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டு, பகல் முழுதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறீராம். சாப்பாட்டுக்கு முன்னால் அரை பாட்டில். நடுவில் கொஞ்சம். பிறகும் கொஞ்சம்.

இப்போது புரிந்தது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பிடித்தால் ஊரே கூடித் திட்டும். நீர் உம் ரத்தத்திலேயே ஊற்றுகிறீர். ஊற்றி, நீர்க்கவைத்து, அந்த வெளிறிப்போன சொட்டை மெஷினிடம் காட்டி நல்ல பெயர் வாங்கியிருக்கிறீர். மெஷினும் நம்பிவிட்டது. கலப்படத்துக்கு இந்த உலகில் எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். தன் உடம்பிலேயே கலப்படம் செய்து மனைவியின் பாராட்டு வாங்கியவர் நீர் ஒருவர்தான்.

என்னுடையது கலப்படமில்லாத சரக்கு. காலையில் ஏறும் முன் அரை டம்ளர் டீ. அதன் பிறகு மாலை இறங்கும்வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. ஏன் என்று கேட்கிறீரா? கேபின் நான்கு பக்கமும் கண்ணாடி. இந்த வெயிலில் அதற்குள் முட்டையை வைத்தால் குஞ்சு பொரித்து, வளர்ந்து, ஓய்வும் பெற்றுவிடும். அங்கே குடித்தால் பிறகு ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கீழே இருக்கிறது. ஏணியில் இறங்கி, போய், மறுபடி ஏறி வந்தால் அரைமணிக்கு மேல் ஆகும். அதுவரை கம்பியும் கான்கிரீட்டும் அந்தரத்தில் நிற்க, கீழே இருக்கும் அத்தனை பேரும் என் ஒருவனின் சிறுநீரைப் பற்றி வாக்கிடாக்கியில் விவாதிப்பார்கள். சிலர் மேலே காலி பாட்டில் கொண்டுபோவார்கள். நான் அந்த அளவுக்கு இறங்கவில்லை. குடிக்காமலே பழகிவிட்டேன். ஒட்டகம் என்னிடம் வந்து பாடம் கேட்கலாம்.

உமக்கென்ன, சகலை? நீர் போகிற வீட்டிலெல்லாம் கழிவறை. இல்லாவிட்டால் நீரே ஒன்று பொருத்திக்கொள்வீர். பளபளக்கும் அரியணைகளின் நடுவே வாழ்கிறீர். எனக்கு உம் சர்க்கரை எண்மீது மட்டும் பொறாமை என்று நினைத்தீரா? உம் வாழ்க்கையில் இருக்கும் அத்தனை தாழ்ப்பாள் போட்ட கதவுகள்மீதும் பொறாமை.

இனி என் பக்கம் நேர்மை இன்னும் கூடும். வீட்டில் சாப்பிடும்போதும் தண்ணீர் தொடமாட்டேன். ஜூன் மாதம் டாக்டரிடம் சுத்தமான, நீர்க்காத, கெட்டியான ரத்தத்தைக் கொடுப்பேன். எண் எப்படியிருந்தாலும் அது என்னுடையதாக இருக்கும்.

ஆகாசம்


ஏப்ரல் 7

சகலைக்கு,

எனக்கு ஒருமுறை சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். குடிக்கிறேன். பாட்டிலின் கதை அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்து அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். கலப்படம் என்ற இடத்தில் என் மனைவிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மாமனார் இருந்தபோது ஒரு பழக்கம் வைத்திருந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், தூரத்தில் தெரியும் ஏதாவது ஒரு கிரேனைக் காட்டுவார். "அந்தா உச்சியில இருக்கான் பாருங்க, என் மூத்த மாப்பிள்ளை" என்பார். அது உங்கள் கிரேனா என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரிகிற கிரேனெல்லாம் உங்களுடையதுதான். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "இவர் சின்னவர்" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. நான் செய்த வேலை எல்லாம் சுவருக்குள் இருக்கிறது. ஜன்னலில் இருந்து காட்ட முடியாது.

உங்களுக்கு என்மீது ஒரு மாதமாகப் பொறாமை. எனக்கு உங்கள்மீது கல்யாணமான நாளிலிருந்து. முதல் தடவையாக ஒன்று உங்களைவிட எனக்கு நன்றாக வந்தது. அதுவும் தண்ணீர் ஊற்றியது என்கிறீர்கள்.

நீங்கள் பகல் முழுதும் குடிப்பதில்லை என்பது எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. அது நல்லதாகப் படவில்லை. ஆனால் நான் சொன்னால் அதிலும் ஒரு சதி இருக்கும்.

போட்டியை நிறுத்தலாம் என்றேன். இருவரும் டப்பா வாங்கியாயிற்று என்கிறார்கள்.

குழாய்


ஏப்ரல் 18

தோற்ற சகலைக்கு,

கொட்டட்டும் முரசு. 151. உமக்கு 160.

நடந்ததைக் கேளும். திங்களன்று காற்று கிளம்பியது. சாதாரணக் காற்றா அது? தெருவிலிருந்த நாய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த நாட்டில் இறங்கி அங்கே குடியுரிமை கேட்டதாகத் தகவல். அந்தக் காற்றில் கிரேன் ஓட்டக்கூடாது என்பது விதி. கிரேனின் நீட்டுக் கையைத் தளர்த்திவிட்டு, காற்றுப் போகிற பக்கம் அது தானாகத் திரும்பட்டும் என்று விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். நான்கு நாள் வீட்டில் இருந்தேன்.

புதன்கிழமைப் போட்டி அந்த நான்கு நாளுக்குள் வந்தது. அதே டப்பா, அதே சோறு, அதே பருப்பு, அதே முட்டை. குத்தினேன். 151. நான் நம்பவில்லை, இன்னொரு விரலில் குத்தினேன். 149. என் மனைவி மூன்றாவது விரலையும் கேட்டாள், நான் தரவில்லை. வெற்றியை அளவுக்கு மீறிச் சோதிக்கக்கூடாது.

இது எப்படி நேர்ந்தது என்று நீர் தவியாய்த் தவிப்பீர். சொல்கிறேன். மன உறுதி. சாப்பாட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அது பயந்துவிட்டது.

உம் போன கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம். மாமனார் ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தீர். அவர் என்னிடம் தனியாகப் பேசும்போது கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "சின்னவர் எப்ப வருவாரு, இந்தக் குழாய் ஒழுகுது." இதை இத்தனை நாள் உமக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர். எனக்கும் ஒரு ஜன்னல் தேவைப்பட்டது.

வெற்றி பெற்ற,
ஆகாசம்


மே 2

சகலைக்கு,

இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கிண்டலுக்கு இடம் கடைசியில் இருக்கிறது.

காற்று நின்று நீங்கள் மேலே ஏறிய பிறகு வந்த புதன்கிழமை உங்கள் எண் 247. நேற்று முன்தினம் 252. இடையில் ஒருநாள் கண் இருண்டு, கம்பிக்கட்டு ஒன்றை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள் என்று உங்கள் மனைவி அழுதுகொண்டே தங்கையிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு நீங்கள் எழுதவில்லை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதனால் என் சர்க்கரையைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். போட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்தார். நீங்கள் சாப்பாட்டை முறைத்ததைச் சொன்னதும் நர்ஸையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பிறகு, நீங்கள் தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை இல்லை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவர் சாப்பாட்டுல தப்பு இல்லைங்க" என்றார். "காஞ்ச உடம்புல சாப்பிடுறாரு."

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். உடம்பில் தண்ணீர் குறைந்ததும் மூளையிலிருந்து ஒரு சுரப்பு, ஹார்மோன் என்கிறார்களே அது, கிளம்புகிறது. சிறுநீரகத்திடம் போய், இருக்கிற தண்ணீரை வெளியே விடாதே என்று சொல்வது அதன் வேலை. அதே சுரப்பு கல்லீரலின் கதவையும் தட்டுகிறது. கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. அதோடு, காய்ந்த உடம்பு தவித்துக்கொண்டு இருப்பதால் தவிப்பில் ஊறும் இன்னொரு சுரப்பும் கூடுகிறது. அப்போது இன்சுலின் சொல்வது எடுபடுவதில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் டப்பாவைத் திறக்கிறீர்கள். உள்ளேயிருந்து ஒரு வரத்து, சோற்றிலிருந்து ஒரு வரத்து. வெளியேறும் வழியோ அடைத்துக்கொண்டிருக்கிறது. என் வேலையில் இதைப் பார்த்தால் நான் தரையைத் தோண்டச் சொல்வேன்.

இன்னும் இருக்கிறது. சர்க்கரை ஏறினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதில் இன்னும் காயும். காய்ந்தால் மறுபடி ஏறும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கலப்படத்தைப் பற்றியும் கேட்டேன். பால்காரர் கணக்கு இங்கே செல்லாது என்றார். குடிக்கிற தண்ணீர் ரத்தத்திலேயே நின்றுவிடுவதில்லை, உடம்பு முழுக்கப் போய்விடுகிறது. நான் என் எண்ணை ஏமாற்றவில்லை. நீங்கள்தான் உங்கள் உடம்பைக் காயவைத்து உங்கள் எண்ணை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். காற்றடித்த நான்கு நாளும் வீட்டில் இருந்தீர்கள். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குடித்தீர்களாம், உங்கள் மனைவி சொன்னார். போகவேண்டிய இடத்துக்குப் போனீர்கள். 151.

தண்ணீர் மருந்தாகிவிடாது, மாத்திரையை விடக்கூடாது, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்றும் எழுதச் சொன்னார். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் இப்படிக் காயக்கூடாது என்றார். ஜூனுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

கிண்டலுக்கு இடம்:




குழாய்


மே 6

டாக்டர் பட்டம் பெறாத டாக்டர் சகலைக்கு,

நீர் விட்டிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நிரப்ப முடியவில்லை. இப்படி எனக்கு நேர்ந்தது இதுவே முதல் தடவை. வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

சரி. நீர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். நான் பெருமையோடு காத்துவந்த வறட்சிதான் என்னைக் காலைவாரிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்ய? நேற்று குடித்துப் பார்த்தேன். இரண்டே டம்ளர். பதினொரு மணிக்கு என் நிலைமை, அணைக்கட்டின் காவலாளி மாதிரி ஆகிவிட்டது. இறங்கினேன். திரும்பி ஏறியபோது கான்கிரீட் வண்டிகள் வரிசையில் நின்றன, சைட் இன்ஜினியர் வாக்கிடாக்கியில், "என்ன சார், இறங்கிட்டீங்களா? வயசாயிடுச்சுல்ல" என்றார். சுற்றியிருந்த அத்தனை காதிலும் அது விழுந்தது. இன்று குடிக்கவில்லை.

குடித்தால் மானம் போகிறது. குடிக்காவிட்டால் நாற்காலி போகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தரைதான்.

உமக்குப் புரியும் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். தங்கையும் அக்காவும் இந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிப்போகவும். கீழே நிற்பதைத் தண்டனை என்று நான் எழுதியது உம்மைக் குறைத்துப் பேச அல்ல. மேலே இருக்கும்போதுதான் நான் ஆகாசம். கீழே வந்தால் முழங்கால் வலிக்கும் ஒரு பெரியவர். அந்த ஆளை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

நீரோ எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டுக்காரர் உம் பின்னாலேயே வருகிறார், "எப்ப சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டு. யாருக்காவது அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுவது எப்படி இருக்கும், சகலை?

ஆகாசம்


மே 17

சகலைக்கு,

உங்கள் சைட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் மேலே இருந்தீர்கள். சின்னதாகத் தெரிந்தீர்கள். கை காட்டினேன், நீங்கள் பார்க்கவில்லை.

சைட் இன்ஜினியரிடம் பேசினேன். உங்கள் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரேன் ஒரு தடவை நின்றால் கீழே எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அதை அவர் மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தார், முகம் மாறியது. உங்கள் கிரேன் கம்பத்தைக் கட்டடத்தோடு பிணைத்திருக்கும் இடம் முப்பத்திரண்டாம் மாடி. கேபினிலிருந்து ஒரு சின்ன ஏணி இறங்கி, பாலத்தில் நடந்தால் அந்த மாடி. அங்கே ஒரு கழிவறை வைத்தால் ஐந்து நிமிடத்தில் போய் வந்துவிடலாம். இதை ஏன் யாரும் முன்னாலேயே செய்யவில்லை என்று என்னைக் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

நான் வேலை முடித்த ஒரு இடத்தில் கூடு மாதிரி ஒரு கழிவறைப் பெட்டி சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கழிவுக்குழாய் கட்டடத்தில் பாதிதான் வந்திருக்கிறது. மீதியை நான் மேலே கொண்டுபோக வேண்டும். மூன்று நாள் ஆகும்.

திங்கட்கிழமை காலை பெட்டி வருகிறது. மேலே ஏற்றுவது உங்கள் கை. கீழே போட்டுவிடாதீர்கள், வேறு பெட்டி இல்லை.

உங்கள்மேல் உள்ள பாசத்தில் செய்வதாக நினைக்க வேண்டாம். 252-ஐ ஜெயிப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

குழாய்


மே 23

எம் அரண்மனைக் கட்டடக் கலைஞருக்கு,

நான் இந்தக் கைகளால் தூக்காத சரக்கு உலகில் இல்லை. இரும்பைத் தூக்கியிருக்கிறேன், கான்கிரீட்டைத் தூக்கியிருக்கிறேன். ஒருமுறை ஒரு முதலாளியின் நீச்சல் குளத்தையே முழுசாகத் தூக்கியிருக்கிறேன்; அதில் அவர் குளித்துக்கொண்டிருந்ததாக ஒரு பேச்சு உண்டு. ஆனால் திங்கட்கிழமை தூக்கியதுபோல எதையும் தூக்கியதில்லை.

வெள்ளைப் பெட்டி. பச்சைக் கதவு. நீர் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர். சிக்னல் கொடுப்பவர், "என்ன சார் இவ்வளவு மெதுவா?" என்று கேட்டார். "உடையுற சாமான்" என்றேன். அது தரையை விட்டுக் கிளம்பியதும் கீழே ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். மணமகளை மேடைக்கு அழைத்துவருவதுபோல ஒவ்வொரு மாடியாக அழைத்துவந்தேன். காற்றில் அது லேசாகத் திரும்பியபோது, கதவு திறந்துகொண்டு உள்ளே இருந்த பீங்கான் என்னைப் பார்த்து ஒருமுறை மின்னியது. எனக்குக் கண் கலங்கியது. வெயிலால்தான்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நேற்று முன்தினம், புதன்கிழமை. எனக்கு 219. மோசம்தான், உம் குழாய் வேலை அதுவரை முடியாததால் நான் பழையபடி வறண்டே இருந்தேன். ஆனால் உமக்கு எவ்வளவு என்று என் மனைவி சொன்னபோது மறுபடி சொல்லச் சொன்னேன். 221.

இரண்டு. இரண்டே எண் வித்தியாசத்தில், காற்றின் உதவியின்றி, சொந்த மண்ணில், அதாவது சொந்த வானத்தில், உம்மை வென்றேன். என்ன தின்றீர்? எந்தக் கடையில் நின்றீர்? பாவம், சின்ன மாப்பிள்ளை. அந்தப் பாவத்தை இப்போது நீர் தூக்கிப் பாரும், எவ்வளவு கனம் என்று தெரியும்.

வாகை சூடிய,
ஆகாசம்


மே 26

சகலைக்கு,

எந்தக் கடையிலும் நிற்கவில்லை. திங்களிலிருந்து புதன்வரை பகல் முழுதும் நான் உங்கள் முப்பத்திரண்டாம் மாடியில் இருந்தேன். குழாயை இணைத்து முடிக்கும்வரை அந்தப் பெட்டி வெறும் பெட்டிதான். போக வேறு இடமில்லை. அதனால் குடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் உங்களுக்கு எழுதியவன் நான்தான். மூன்று நாள். பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டுப் போனேன்.

புதன்கிழமை அங்கேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை. உங்களுக்கு இத்தனை வருடம் இப்படித்தான் இறங்கியிருக்கும்.

சாப்பிடும்போது விளிம்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கத் தெரிந்தது. நான் வேலை செய்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். கூரைகளில் தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன. எல்லாம் நான் வைத்தவை. இங்கிருந்து பார்த்தால் அவைதான் தெரிகின்றன. மாமனாரை இங்கே ஒருமுறை கூட்டிவந்திருக்கலாம்.

இத்தனை நாள் இதை நீங்கள் ஒருவராகவே வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

221-ஐ உங்கள் வெற்றியாகவே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அன்றைக்கு உங்கள் உயரத்தில் தோற்றேன்.

கழிவறை இப்போது வேலை செய்கிறது. நானே முதலில் பயன்படுத்தினேன், மன்னிக்கவும். குடியுங்கள்.

குழாய்


ஜூன் 9

சகலைக்கு,

டாக்டர் சோதித்துவிட்டார். 178. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மேலயே இருங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். இன்றைக்கு மதியம்வரை நான்கு டம்ளர் குடித்தேன். மூன்று முறை பாலத்தில் நடந்தேன், ராஜநடை. நேற்று சைட் இன்ஜினியரே ஒருமுறை வந்துபோனார், கைகழுவிவிட்டு, நல்ல வேலை என்றார். யார் செய்தது என்று கேட்டார். என் சின்ன சகலை என்றேன். அதோடு நிறுத்தவில்லை, விளிம்புக்குக் கூட்டிப்போய் எட்டுத் திசையிலும் தெரிகிற தொட்டிகளைக் காட்டினேன். அது உம்முடையதா என்றெல்லாம் பார்க்கவில்லை. தெரிகிற தொட்டியெல்லாம் உம்முடையதுதான்.

219-க்கு 221 என்ற வெற்றி இன்றுமுதல் ரத்து. என்னால் வறண்டவனை நான் வென்றதாக வரலாறு எழுதக்கூடாது. வேறு எந்த மன்னனும் பிடித்த கோட்டையைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

ஆனால் ஒரு புகார் இருக்கிறது. பெரிய புகார்.

அந்தப் பெட்டிக்குள், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, நீர் ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறீர். உம் கடிதங்களில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் கேபின் கண்ணாடி வழியாகத் தெரிவது கொக்கியும், கயிறும், உம் கழிவறையின் கூரையும். உம் ஜன்னல் வழியாகத் தெரிவது ஆறும், அதற்கப்பால் மலையும், ஒரு கம்பிகூடக் குறுக்கே வராத முழு வானமும். இத்தனை வருடம் மேலே இருந்தும் நான் பார்க்காத வானம் அது. அதை நீர் மூன்றே நாளில் கண்டுபிடித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர். பொறாமையில் இன்று ஐந்தாவது டம்ளரும் குடித்துவிட்டேன், இன்னொருமுறை போய்ப் பார்க்கலாம் என்று.

இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. ஏழு மணிக்கு அடிப்பேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

ஆகாசம்